கட்டடம் விட்டுக் கட்டடம்: கேட்6 கேபிளா, ஃபைபரா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் நெட்வொர்க் வேலை என்றால் முதல் கேள்வியே இதுதான்: அலுவலகத்திலிருந்து பின்பக்க குடோனுக்கு எதை இழுப்பது? செம்புக் கம்பியான கேட்6 கேபிளையா, ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழையான ஃபைபரையா? நான் ஃபைபர் கட்சி.

கேட்6 மலிவு. கிரிம்பிங் (கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது) தெரிந்தவர் யாரும் முனை போட்டுவிடலாம். அதே கம்பியிலேயே கேமராவுக்கு மின்சாரமும் போய்விடும், தனி பிளக் வேண்டாம். ஆனால் எல்லை 100 மீட்டர். 10 ஜிகாபிட் வேகம் வேண்டுமென்றால் சுமார் 55 மீட்டர்தான்.

பெரிய தலைவலி மின்னல். கோடை மழையில் பக்கத்தில் எங்காவது விழுந்தாலே போதும், செம்புக் கம்பி வழியே பாய்ந்து இரண்டு முனையிலும் நெட்வொர்க் ஸ்விட்சின் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) போர்ட்டைப் பொசுக்கிவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் எர்த்திங் வேறாக இருந்தால் இன்னும் மோசம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. (இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் என்றால் கவசத்தை எர்த் செய்யுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.) சிங்கிள்மோட் என்ற ஃபைபர் வகை கிலோமீட்டர் கணக்கில் போகும். ஸ்பிளைசிங்குக்குத்தான் (இழைகளை உருக்கி ஒட்டுவது) ஆள் தேட வேண்டும். அதனால் ஆறு கோர் (இழை) கேபிளாக எடுங்கள். ஒரு கோர் போனால் அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம்.

சரி, கட்டடத்துக்குள்ளே கேட்6 போதும். அதிலும் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள்.