ஒடிசியஸா, ஜேசனா? எந்தக் கப்பலில் முதலில் ஏறுவது

கிரேக்கப் புராணத்தில் கடல் வழியாக வீடு திரும்பும் கதை என்றால் இரண்டு கப்பல்கள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, டிராய் போர் முடிந்து தன் தீவான இதாகாவுக்குக் கிளம்பிய ஒடிசியஸின் கப்பல். இன்னொன்று, கருங்கடலின் கீழைக் கரையில் இருந்த கோல்கிஸிலிருந்து தங்க ஆட்டுத்தோலை எடுத்துக்கொண்டு ஜேசன் திரும்பிய அர்கோ. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை இதில் ஒன்றை முழுதாகப் படிக்கலாம் என்று முடிவானபோது, எது என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஒடிசியைத்தான் சொன்னேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு அப்போது சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஒடிசியோடு எனக்குப் பழக்கம் அதிகம், அர்கோவோடு குறைவு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எல்லோரும் கேட்கும் நீளம். ஹோமரின் ஒடிசி 24 காண்டம், 12,000 வரிகளுக்கு மேல். அப்பொலோனியஸ் எழுதிய அர்கோனாட்டிகா 4 காண்டம்தான், 6,000 வரிகளுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் திரும்பி வரும் பயணம் கடைசிக் காண்டத்துக்குள் அடங்கிவிடும். நேரம் இல்லாதவர்களுக்கு எது வசதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலும் அர்கோவுக்குத்தான் பகட்டு அதிகம். ஹெராக்ளிஸ், ஆர்ஃபியஸ், காஸ்டர், பாலிடியூசிஸ் என்று ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தனிக்கதை உள்ளவர்கள். ஒடிசியஸின் ஆட்களில் பெயர் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 12 கப்பல்களோடு கிளம்பியவன் கடைசியில் தனி ஆளாகத்தான் ஊர் சேர்கிறான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. இரண்டு கப்பல்களும் கிட்டத்தட்ட அதே இடங்களைத் தொட்டு வருகின்றன. சூனியக்காரி கிர்கேயின் தீவு, பாட்டால் மயக்கிக் கொல்லும் சைரன்கள், கப்பலை விழுங்கக் காத்திருக்கும் ஸில்லாவும் கரிப்டிஸும், பயேக்கியர் நாடு. கதைக் கணக்கில் ஜேசன் ஒரு தலைமுறை மூத்தவன். ஒடிசியிலேயே கிர்கே, மோதும் பாறைகளைத் தாண்டிப் போன ஒரே கப்பல் அர்கோ என்று ஒடிசியஸிடம் சொல்கிறாள். ஆனால் நம் கையில் இருக்கும் அர்கோனாட்டிகா கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அலெக்சாண்டிரியாவின் பெரிய நூலகத்தில் வேலை பார்த்தவர் எழுதியது. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

சைரன்கள் வரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அர்கோ நெருங்கும்போது ஆர்ஃபியஸ் யாழை எடுத்து வேகமான ஒரு பாட்டை வாசிக்கிறான். அந்தப் பாட்டில் சைரன்களின் குரல் அமுங்கிப் போகிறது. பூட்டஸ் என்ற ஒருவன் மட்டும் கடலில் குதிக்கிறான், அவனையும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி காப்பாற்றிவிடுகிறாள். ஒடிசியஸிடம் ஆர்ஃபியஸ் இல்லை. ஆட்களின் காதில் மெழுகை அடைத்துவிட்டு, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். பாட்டைக் கேட்கிறான், அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான், ஆட்களோ இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள். அங்கே ஆபத்தை வித்தை தெரிந்த ஒருவன் சமாளித்துவிடுகிறான். இங்கே ஒரு மனிதன் ஆபத்தை முழுதாகத் தன்மேல் வாங்கிக்கொள்கிறான்.

கிர்கே விஷயத்தில் எனக்கு அப்பொலோனியஸ்தான் ஒரு படி மேல். ஜேசனோடு கிளம்பி வந்துவிட்ட கோல்கிஸ் இளவரசி மெடியா. அவளுடைய அண்ணன் அப்ஸிர்ட்டஸைச் சூழ்ச்சியாகக் கொன்ற பாவத்தோடு இருவரும் கிர்கேயின் தீவுக்கு வருகிறார்கள். முந்தைய இரவு ரத்தக் கனவு கண்ட கிர்கே கடற்கரையில் தலை அலசிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போனதும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படியில் போய் உட்கார்கிறார்கள். மெடியா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொள்கிறாள். வந்திருப்பது கொலை செய்தவர்கள் என்று அதிலேயே கிர்கேவுக்குப் புரிந்துவிடுகிறது. பன்றிக்குட்டியின் ரத்தத்தால் கறை கழித்துவிட்டு, தன் சகோதரன் மகள்தான் மெடியா என்று தெரிந்தும் அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள். ஆட்களைப் பன்றிகளாக்கும் ஹோமரின் கிர்கே புகழ்பெற்றவள்தான், ஆனாலும் இந்தக் காட்சியின் கனம் அதில் இல்லை. அதேபோல லிபியாவின் மணலில் கப்பல் தட்டிவிட, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு 12 பகலும் 12 இரவும் நடக்கிறார்களே, அப்படி ஒரு காட்சியும் ஒடிசியில் கிடையாது. மூன்றாம் காண்டத்தில் தூக்கம் வராமல் தவிக்கும் மெடியாவுக்காகவே அந்த நூலை வாங்கலாம்.

அப்படியிருந்தும் ஏன் ஒடிசி? என் பதில் ஒன்றுதான்: வீடு.

அர்கோனாட்டிகாவில் வீடு என்பது கடைசித் துறைமுகம். கப்பல் பகசேயில் கரை தொடுகிறது, கதை அந்த வரியோடு நின்றுவிடுகிறது. யார் காத்திருந்தார்கள், தோலைப் பார்த்து, அதைக் கொண்டுவர அனுப்பிய மன்னன் பெலியாஸ் என்ன சொன்னான், ஒன்றும் இல்லை. மெடியாவுக்கும் ஜேசனுக்கும் பிற்பாடு கொரிந்தில் என்ன ஆனது என்று அறிய, கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் நாடகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒடிசியிலோ அரக்கர்களும் புயல்களும் வரும் கடல் சாகசம் பெரும்பாலும் 9 முதல் 12 வரையான நான்கு காண்டங்கள்தான். முதல் நான்கு காண்டங்களில் நாயகனே வருவதில்லை. அவன் இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்றுதான் ஹோமர் காட்டுகிறார். அவன் மனைவி பெனெலபியை மணக்க வந்தவர்கள் ஆடுமாடுகளை வெட்டித் தின்றுகொண்டிருக்கிறார்கள், கைக்குழந்தையாக விட்டுப்போன மகன் டெலிமாக்கஸ் இளைஞனாகி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். பதின்மூன்றாம் காண்டத்தில், தூங்கிக்கொண்டிருக்கும்போதே ஒடிசியஸை இதாகாவின் கரையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு பாதி நூல் மிச்சம் இருக்கிறது!

வீட்டை நாம் முன்னாலேயே பார்த்துவிட்டதால்தான் கடலில் நடப்பதெல்லாம் வலிக்கிறது. காற்றுகளின் காவலன் ஏயோலஸ், அவற்றை ஒரு தோல்பையில் கட்டிக்கொடுக்கிறான். ஒன்பது நாள் பாய்க்கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஒடிசியஸே பிடித்திருக்கிறான். பத்தாம் நாள் இதாகா தெரிகிறது, கரையில் நெருப்பு மூட்டுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பக்கத்தில். அந்த நேரம் பார்த்து அவன் அசந்து தூங்கிவிட, பைக்குள் பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று ஆட்கள் அவிழ்த்துவிடுகிறார்கள். கிளம்பிய இடத்துக்கே அடித்துக்கொண்டு போகிறது காற்று. அங்கே வீட்டில் என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த மாதிரி ஒரு பதற்றம் அர்கோவில் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு படுக்கைகளை ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஜேசன் மெடியாவை மணப்பது பயேக்கியர் தீவின் ஒரு குகையில். மணமாகாதவள் என்றால் தகப்பனிடம் திருப்பி அனுப்பிவிடுவதாக அரசன் அல்கினூஸ் தீர்மானித்ததை அரசி அரெட்டே ரகசியமாகச் சொல்லி அனுப்ப, அன்றிரவே அவசரமாகக் கல்யாணம். தங்கத் தோலையே படுக்கையில் விரிக்கிறார்கள். ஊரில், தகப்பன் வீட்டில் மணக்க வேண்டும் என்பதுதான் ஜேசனின் ஆசை என்று கவிஞரே சொல்கிறார். அழகான காட்சி, ஆனால் வழியில் போட்ட படுக்கை.

ஒடிசியஸின் கட்டிலோ, முற்றத்தில் வளர்ந்த ஆலிவ் மரத்தைச் சுற்றி அறையையே எழுப்பி, அந்த மரத்தின் அடியையே காலாக வைத்துச் செய்தது. வந்திருப்பவன் கணவன்தானா என்று சோதிக்க, அந்தக் கட்டிலை வெளியே தூக்கிப் போடு என்று பெனெலபி வேலைக்காரியிடம் சொல்கிறாள். அது எப்படி நகரும், யார் வெட்டினார்கள் என்று அவன் கொதிக்கிறான். அதில் அவளுக்கு நிச்சயமாகிவிடுகிறது. அடுத்து ஹோமர் ஓர் உவமை வைக்கிறார்: கடல் கடவுள் பொசைடன் உடைத்த கப்பலிலிருந்து நீந்தி, உடம்பெல்லாம் உப்பு படிய, கரையைக் கண்டவர்களின் மகிழ்ச்சி. ஒடிசியஸைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே படிக்கிறோம். வரி முடியும்போது அது பெனெலபியின் மகிழ்ச்சி. கடலையே பார்க்காமல் வீட்டில் இருந்தவளும் 20 வருடம் நீந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு இடத்துக்கு ஈடாக எந்தச் சாகசத்தையும் வைக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. பன்றி மேய்க்கும் யூமேயஸின் குடிசையில் கழியும் காண்டங்கள் மெதுவாகத்தான் நகரும். மணக்க வந்தவர்களைக் கொன்றபின் 12 பணிப்பெண்களைத் தூக்கிலிடும் பகுதி எனக்கு எப்போதும் கசக்கிறது, அதை நியாயப்படுத்த நான் தயாரில்லை. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகள் பல ஒற்றைக்கண் அரக்கனையும் சைரன்களையும் விரிவாகச் சொல்லிவிட்டு, இதாகா வந்ததும் ஓட்டமாக ஓடி முடித்துவிடுகின்றன. அவற்றை மட்டும் படித்தவர்களுக்கு இந்தப் பெருங்கதை ஒரு அரக்கர் பட்டியலாகத்தான் மனதில் நிற்கும்.

வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. ஜேசன் மூத்தவன் ஆயிற்றே, அவன் கதையை முதலில் படிக்கலாமே என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பொலோனியஸ் தன் வாசகருக்கு ஹோமர் மனப்பாடம் என்ற நம்பிக்கையில் எழுதியவர். கிர்கேயும் அல்கினூஸும் அரெட்டேயும் திரும்ப வரும்போது, முன்பே தெரிந்தவர்களை இளமையில் பார்ப்பதுபோல இருக்க வேண்டும். ஒடிசியை முடித்துவிட்டு வந்தால்தான் அது கிடைக்கும். எங்கள் அடுத்த நூல் அர்கோனாட்டிகா என்று முடிவாகியிருக்கிறது.