உடைந்த போக்ஸ் கம்பியும் ‘லீகல் டீம்’ போனும்: ஒரு ரோடு பைக், நெடுநாள் அனுபவம்

அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க், 11 ஸ்பீடு, டிஸ்க் பிரேக், 28 மி.மீ. டியூப்லெஸ் டயர். வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அமெச்சூர்களுக்கான சாலைப் பந்தயத்துக்குத் தயாராகத்தான் வாங்கினேன். கம்பெனி பெயரை இங்கே திரும்ப எழுதவில்லை. இதே பைக்கின் குறையைப் பற்றி முன்பு இணையத்தில் எழுதியதில் இருக்கிறது, அதை எடுக்கவும் இல்லை. எடுக்கச் சொன்ன கதை பின்னால் வருகிறது.

காரைக்குடிப் பக்கம் ரேஸ் என்றால் மாட்டுவண்டிதான். டைட்ஸ் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால், “பெரிய மாடா, கரிச்சானா?” என்று மாட்டுவண்டிப் பந்தயப் பிரிவைச் சொல்லி டீக்கடையில் கேட்பார்கள். எங்கள் பந்தயத்திலும் வயதுப் பிரிவு உண்டு என்பதால் கேள்வி தப்பில்லை.

இங்கே ஏறிப் பழக மலை கிடையாது. காற்றுதான் மலை. ஆடி மாதத்தில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் நோக்கி மேற்கே மிதித்தால் எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். எட்டு நிமிடம் முக்கி மிதிப்பது, நாலு நிமிடம் ஆசுவாசம், இப்படி நாலு தடவை. இந்த வேலைக்கு ஃபிரேம் அருமை. எழுந்து நின்று மிதித்தாலும் நெளியவில்லை, நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்கவில்லை. சீட் மட்டும் மாற்றினேன்.

டயரும் சொன்ன வேலையைச் செய்தது. சீமைக்கருவேல முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ட் அடைத்துவிடும். ஆனால் நம்மூர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகிறது, பாட்டிலில் போட்டிருக்கும் கணக்கை நம்ப வேண்டாம். கண்மாய்க்கரை மண்பாதையில் போனால் செயினில் எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து பல்லைத் தின்னும். மெழுகுக்கு மாறிய பிறகு செயின் நீண்ட நாள் உழைக்கிறது. செயின் செக்கரில் 0.5 சதவீதத் தேய்மானம் காட்டியதும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) சேர்ந்து போகும்.

இனி பின்சக்கரம். குறை முழுக்க அங்கேதான். சில மாதங்களிலேயே ஒரு போக்ஸ் கம்பி உடைந்தது. மாற்றினேன். கொஞ்ச நாளில் இன்னொன்று. எல்லாம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் மாட்டும் வளைவில்தான் உடைந்தன, எல்லாம் செயின் இல்லாத பக்கம். கடைக்காரர் ஊர்ச் சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்தே தலை நரைத்தவர். சக்கரத்தைக் கவிழ்த்து வைத்துக் கம்பிகளை வரிசையாக விரலால் சுண்டினார். செயின் பக்கம் ‘டிங்’ என்றது. மறுபக்கம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம், இரண்டு மூன்று கம்பிகளில் சத்தமே இல்லை. “மெஷின்ல மாட்டுனது தம்பி. ஒரு பக்கம் தொஞ்சு கெடக்கு. தொஞ்ச கம்பிதான் மொதல்ல ஒடியும்” என்றார்.

காரணம் இதுதான். பின்சக்கரத்தில் கேசட்டுக்கு இடம் விட வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் இருக்காது. செயின் இல்லாத பக்கம் இயல்பிலேயே குறைவு. அதிலும் ஒழுங்காக இறுக்காமல் விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி தளர்ந்து இழுபட்டு, உலோகம் களைத்து வளைவில் முறியும். கடைக்கார அண்ணன் அந்தப் பக்கம் முழுக்கப் புதுக் கம்பி போட்டு, சீராக இறுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் உடையவில்லை.

வாரண்டியில் கேட்டேன். “ரோடு மோசமா இருந்திருக்கும் சார்” என்று முடித்துக்கொண்டார்கள். பில், உடைந்த கம்பிகளின் படம், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் வைத்து அப்படியே எழுதினேன். அப்புறம்தான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. முதலில் இனிப்பு: “அதை எடுத்துடுங்க சார், புது வீல்செட் அனுப்புறோம். நல்லா இருந்தா ரெண்டு வரி எழுதுங்க.” முடியாது என்றதும், “எங்க லீகல் டீம் பாத்துக்கும்.”

நான் வக்கீல் இல்லை. ஆனால் பயந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க இருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்துவிட்டது. குற்றவியல் அவதூறு மட்டும் 2016 தீர்ப்பில் தப்பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 356-வது பிரிவாக இருக்கிறது. அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை. அதிலேயே விதிவிலக்குகளும் உண்டு: உண்மை, அதுவும் பொது நன்மைக்காகச் சொன்னது, நல்லெண்ணத்துடன் பிறரை எச்சரிப்பது. உண்மை என்பது மட்டும் இந்தப் பிரிவில் போதாது, பொது நன்மையும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ‘கம்பி உடைந்தது’ என்று எழுதினேன், ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதவில்லை. முதலாவதுக்கு என்னிடம் சான்று இருக்கிறது. இரண்டாவது என் கோபம், அது டீக்கடைக்கு.

இலவச வீல்செட்டை வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதுதான் சிக்கல். 2022-இல் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டுதல்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் கம்பெனியிடமிருந்து ஏதாவது பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் புகழ்ந்தால் யார் நம்பப்போகிறார்கள்?

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்குச் சிவகங்கை. பிரச்சினை வந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பார்த்துவிட்டும் போகலாம். இதை அவர்களிடம் சொன்ன பிறகு லீகல் டீம் பக்கமிருந்து சத்தமே இல்லை.

பந்தயத்துக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. கடைசி இரண்டு வாரம் மிதிக்கும் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்வேன். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் ஆகும் என்பதால் வாரம் சில நாள் வேண்டுமென்றே எட்டு மணிக்கு மேல் கிளம்புகிறேன். பாட்டிலில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு. பையில் கடலைமிட்டாய். ஜெல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த விலைக்கு இந்தப் பைக்கை வாங்கலாமா என்றால், ஃபிரேமுக்காக வாங்கலாம். டெலிவரி எடுத்த அன்றே பின்சக்கரத்தை நல்ல கை ஒன்றிடம் கொடுத்துக் கம்பி இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி தன் தரப்பை எழுத்தில் அனுப்பினால் ஒரு வரி வெட்டாமல் இதன் கீழேயே சேர்த்துவிடுகிறேன்.