‘இலவசமாய்ச் சூடாக்கித் தருகிறோம்’ என்று ஸ்கேட்ஸ் கடையில் சொன்னால் உடனே ஓம் சொல்லாதீர்கள்

செப்டெம்பர் பிறந்தால் ஒன்டாரியோவில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் பிள்ளைகளுக்கு ஹொக்கி ஸ்கேட்ஸ் (ஐஸில் சறுக்கி விளையாடப் போடுகிற, அடியில் பிளேட் வைத்த பூட்) வாங்கக் கடை கடையாய் ஏறி இறங்குவீர்கள். போவதற்கு முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். புது ஸ்கேட்ஸைக் காலின் உருவுக்குப் படியவைக்கக் கடையிலேயே சூடாக்கி, பிளேட்டையும் தீட்டித் தந்துவிட்டார்கள் என்றால் அதற்குப் பிறகு அது உங்கள் தலையில்தான். அளவு பிழை என்று அடுத்த நாளே தெரிந்தாலும் பெரும்பாலான கடைகள் அதைத் திருப்பி எடுப்பதில்லை. எங்களுக்கு விற்ற கடை இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அவ்வளவு அவசரமாகச் சூடாக்கித் தந்தது என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

மகனுக்குப் பதின்மூன்று வயது, ஹவுஸ் லீக் என்கிற உள்ளூர்ப் போட்டிகளில் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) விளையாடுகிறான். சப்பாத்து அளவு ஏழரை. பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றின் ஹொக்கிப் பகுதிக்குப் போனோம். அங்கே நின்ற பெடியன் சப்பாத்து எத்தனை என்று மட்டும் கேட்டான். காலை அளக்கவில்லை. பாதத்தின் நீளம், அகலம் அளக்கிற உலோகத் தட்டு அங்கேயே வாங்குக்குக் கீழே கிடந்தது. அதைத் தொடவே இல்லை. உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தான். “சப்பாத்தைவிட அரை சைஸ் குறைத்து 7 கொண்டு வந்திருக்கிறேன், வளருகிற பிள்ளைதானே” என்றான். மகன் போட்டுப் பார்த்துவிட்டு, “பக்கவாட்டில இறுக்குது அம்மா, ஆனா முன்னுக்கு இடம் இருக்கு” என்றான். நான் அதை அந்தப் பெடியனிடம் சொன்னேன். “சூடாக்கினால் விரிந்து கொடுக்கும், மிச்சம் போகப் போகக் காலுக்குப் பழகிவிடும், சூடாக்குவது இலவசம்” என்றான். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் ஸ்கேட்ஸ் மின் அடுப்புக்குள் போய்விட்டது. அது சூடாகி, கால் போட்டு, ஆறி முடியவும் இன்னொருவர் வந்து அதே வேகத்தில் பிளேட்டையும் தீட்டிவிட்டார். 13 வீத வரியோடு அறுநூறு டொலரைத் தாண்டிய பில் கைக்கு வந்தது.

முதல் பயிற்சியிலேயே பாதியில் பெஞ்சுக்கு வந்து லேஸைத் தளர்த்தினான். அடுத்தடுத்த பயிற்சியிலும் அதே கதைதான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றியபோது பார்த்தேன். கணுக்காலின் முன்பக்கம், பாதமும் காலும் மடிகிற இடத்தில், விரல் அகலத்துக்குச் சிவந்து வீங்கி, லேஸ் குறுக்கும் நெடுக்கும் போன தடம் அப்படியே பதிந்திருந்தது. உள்பக்கக் கணு எலும்பில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கால் வளைவு பிடித்து இழுக்கிறது என்று விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான். அம்மம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிவிட்டார். நோகுது என்று இலகுவில் வாய் திறக்கிற பிள்ளை இல்லை அவன். அப்படிப்பட்டவன் பயிற்சி நாள் வந்தால் தலையிடி, வீட்டுப்பாடம் என்று சாட்டுச் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

குடும்ப வைத்தியர் அழுத்திப் பார்த்துவிட்டு, பாதத்தை மேலே தூக்குகிற தசைநாண்கள் லேஸுக்கும் எலும்புக்கும் இடையில் நசிபடுவதால் வருகிற வீக்கம் என்றார். ஹொக்கிக்காரர்கள் இதை ‘லேஸ் பைட்’ என்பார்கள். சில காலம் ஐஸ் பக்கம் போகவேண்டாம், வேறு ஸ்கேட்ஸ் பாருங்கள் என்றும் சொன்னார்.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனோம். முதல் தடவை, “புதுசு என்றால் அப்படித்தான், பழகும்” என்று சொல்லி இன்னொரு முறை சூடாக்கித் தந்தார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. மறுபடி போனபோது மனேஜர் வந்து பற்றுச்சீட்டைப் புரட்டிக் காட்டினார். சூடாக்கியதோ தீட்டியதோ திருப்பி எடுக்கப்பட மாட்டாது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அடுப்புக்குள் வைக்குமுன் இந்த நிபந்தனையை யாரும் வாயால் சொல்லவில்லை என்றேன். “எல்லாக் கடையிலும் இதுதான் வழமை” என்றார். வழமைதான், அதை நான் மறுக்கவில்லை. வழமை என்று தெரிந்த ஆள்தானே பிள்ளை இறுக்குது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்பைத் திறந்தார்?

அப்புறம் அணியில் இன்னொரு பிள்ளையின் அப்பா சொல்லி, ஓர் ஐஸ் அரீனாவுக்குள் (ஐஸ் விளையாட்டரங்குக்குள்) இருக்கும் சின்னக் கடைக்குப் போனோம். ஸ்கேட்ஸும் தீட்டுதலும் தவிர வேறு வியாபாரம் இல்லாத இடம். அங்கே இருந்த வயதான மனிதர் முதலில் மகனை எழுந்து நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் தனித்தனியாக அளந்தார். முன்பாதம் அகலம், மேல்பாதம் உயரம், குதிக்கால் சாதாரணம் என்றார். பிறகு நாங்கள் கொண்டுபோன ஸ்கேட்ஸை லேஸ் கட்டாமல் போடச் சொல்லி, லேஸுக்குக் கீழே வருகிற பூட்டின் நாக்கைச் சரியாக மடித்துவைத்து, மேலிருந்து மூன்றாவது லேஸ் துளைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைத்தார். பென்சில் இரண்டு பக்கத் துளைகளிலும் படிந்து கிடக்க வேண்டும். எங்கள் பிள்ளையின் காலில் அது நாக்கின் மேல் ஏறி நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. “பூட் ஆழம் போதாது. எத்தனை தரம் சூடாக்கினாலும் ஆழம் வராது” என்றார்.

பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒட்டியை அவர்தான் வாசித்துக் காட்டினார். சைஸ் 7, ஃபிட் 1. எங்கள் ஸ்கேட்ஸைச் செய்த பாவர் நிறுவனம் 2020 முதல் பூட்டின் கொள்ளளவை ஃபிட் 1, 2, 3 என்று பிரித்து விற்கிறது. 1 ஒடுங்கியது, ஆழம் குறைந்தது. 3 அகலமானது, ஆழமானது. அதற்கு முந்தியவற்றில் D (சாதாரணம்), EE (அகலம்) என்று அகல எழுத்து இருக்கும். பழைய ஸ்கேட்ஸ் வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கவேண்டும். இன்னொரு நிறுவனமான சிசிஎம்மின் ஸ்கேட்ஸில் இதே பிரிவு டேப்பர்ட் (ஒடுங்கியது), ரெகுலர், வைட் என்று வருகிறது. மகனுக்கு வேண்டியது 6, ஃபிட் 3. ஹொக்கி ஸ்கேட்ஸ் பொதுவாகச் சப்பாத்து அளவிலிருந்து ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாகத்தான் வரும். எங்களுக்குத் தந்தது நீளத்தில் ஒரு சைஸ் கூட, அகலத்தில் இரண்டு படி குறைவு.

இதில் ஒரு காசுக் கணக்கும் இருக்கிறது. நான்கிலிருந்து ஆறரை வரை ‘இன்டர்மீடியட்’, ஏழிலிருந்து ‘சீனியர்’. அதே மாடல்தான், ஆனால் சீனியருக்குத் தாண்டினால் விலை ஏறிவிடும். எங்கள் மாடலில் வித்தியாசம் நூறு டொலருக்கு மேல். பிள்ளைக்குப் பொருந்தாததை வாங்க நாங்கள் கூடுதலாகவும் கொடுத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அந்தப் பெரிய கடைக்கு ஒரு சாதாரண வாடிக்கையாளராகத் தொலைபேசி எடுத்தேன். அந்த மாடலில் 6, ஃபிட் 3 இருக்கிறதா என்று கேட்டேன். “அந்த மாடலில் ஃபிட் 3 நாங்கள் எடுப்பதே இல்லை” என்று பதில் வந்தது. அகலமானது கையில் இல்லாததால் ஒடுங்கியதிலேயே நீளத்தைக் கூட்டிக் காலை உள்ளே நுழைத்திருக்கிறார்கள். நீளம் கூடினால் குதிக்கால் பின்னுக்கு உட்காராமல் எழும்பும். எழும்பாமல் இருக்கப் பிள்ளை லேஸை இறுக்கி இறுக்கிக் கட்டுவான். ஏற்கெனவே ஆழம் இல்லாத பூட்டில் அந்த இறுக்கம் முழுவதும் கணுக்காலின் முன்பக்கத்தில் விழும். பாதத்தின் வளைவும் பூட்டின் வளைவும் ஒரே இடத்தில் வராததால் உள்ளங்கால் பிடிக்கும். மகன் பட்ட ஒவ்வொரு நோவுக்கும் காரணம் அந்தப் பெட்டியின் ஒட்டியிலேயே இருந்தது.

சரி, நீங்கள் போகும்போது என்ன பார்க்கவேண்டும்? ஐஸில் போடுகிற அதே மெல்லிய காலுறையைக் கொண்டுபோங்கள். நின்ற நிலையில் காலை அளக்கச் சொல்லுங்கள். அளக்க மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். போட்டதும் குதிக்காலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு உட்காரவைத்து, பிறகு லேஸ் கட்டவேண்டும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்மூடியை மெல்லத் தொடும். முழங்காலை மடித்து விளையாடுகிற நிலைக்கு வந்தால் விரல் சற்றுப் பின்வாங்கும், ஆனால் குதிக்கால் அசையக்கூடாது. பென்சில் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள், அதற்குக் காசா பணமா. பிறகு பிள்ளையை லேஸ் கட்டியபடி கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கவிடுங்கள். பிளேட்டுக்கு உறை போட்டு இறப்பர் விரிப்பில் எழுந்து நிற்கலாம். வளருகிற பிள்ளைக்கு அரை சைஸ் கூட எடுப்பதைப் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் குதிக்கால் எழும்பத்தான் செய்யும்.

இவ்வளவும் சரி என்று பிள்ளையின் வாயால் வந்த பிறகுதான் அடுப்பு. சூடாக்குவது கெட்டதில்லை, நல்ல விஷயம். பூட்டை ஏறக்குறைய 80 பாகை செல்சியசுக்குச் சில நிமிடம் சூடாக்கி, கால் போட்டு, அசையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காரவைப்பார்கள். அந்த நேரம் எழுந்து நடக்கக்கூடாது. லேஸை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் இழுக்கவேண்டும், இல்லாவிட்டால் துளை பிய்ந்துவிடும். ஐஸில் இறங்க ஒரு நாள் பொறுக்கவேண்டும். கணுவையும் குதிக்காலையும் சுற்றிப் பூட் உருப்படும். கணு எலும்பு ஓரிடத்தில் மட்டும் இடித்தால் அந்த இடத்தைக் கருவியால் அழுத்தி விரித்தும் தருவார்கள். ஆனால் ஃபிட் 1 எந்த அடுப்பிலும் ஃபிட் 3 ஆகாது.

‘பழகும்’ என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. புது ஸ்கேட்ஸில் முதல் சில தடவை பாதம் முழுவதும் ஒரே சீராக இறுகுவதும் களைப்பதும் இயல்பு. விரல் மரத்துப் போவது, ஓரிடத்தில் குத்துவது, கணுக்காலின் முன்பக்கம் கோடாகச் சிவப்பது, குதிக்காலின் பின்னால் புடைப்பு வருவது, இவை எதுவும் பழகுகிற அறிகுறி இல்லை. மேல் துளையை விட்டு லேஸ் கட்டுவது, ஜெல் பட்டை வைப்பது எல்லாம் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், பூட் பிழை என்றால் பிழைதான்.

பொருளில் பழுதில்லாவிட்டால் திருப்பி எடுத்தே ஆகவேண்டும் என்று ஒன்டாரியோவில் கடைக்குச் சட்டம் கிடையாது. கடை எழுதிவைத்த விதிதான் செல்லும். ஆகவே காசு கொடுக்குமுன் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். ஆனால் தவறாக வழிநடத்தும் தகவலைச் சொல்லி விற்றிருந்தால் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வாங்கி ஒரு வருடத்துக்குள் அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்வதாக அறிவிக்க வழி இருக்கிறது. ‘சூடாக்கினால் விரியும்’ என்று சொன்னதை அப்படிப்பட்ட தகவல் என்று குறிப்பிட்டுக் கடைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன். சின்னக் கடைக்காரர் பென்சில் ஆடுவதைப் படம் எடுக்கவிட்டார், கால் அளவையும் கைப்பட எழுதித் தந்தார். இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். முடிவு தெரியுமுன் கடையின் பெயரை எழுத விரும்பவில்லை.

மகன் இப்போது 6, ஃபிட் 3 போட்டு விளையாடுகிறான். பயிற்சி முடியும்வரை லேஸில் கை வைப்பதில்லை. பழைய சோடியை வாங்க இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கும்போது பொருள் எங்கள் கையில் இருக்கவேண்டும்.