ஆர்.ஓ. கருவி: போர் தண்ணீருக்குத் தேவை, மெட்ரோ தண்ணீருக்குத் தண்டம்

தென்சென்னையில் உள்ள எங்கள் அடுக்ககத்தில் சமையலறைத் தொட்டிக்கு மேல் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ குடிநீர் வரும், மற்றதில் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர் வரும். இரண்டுக்கும் தனித்தனி சம்பு (நிலத்தடித் தொட்டி), தனித்தனி மாடித் தொட்டி. ஆர்.ஓ. (உப்பை நீக்கும் சவ்வு), யு.வி. (புற ஊதா விளக்கு), யு.எஃப். (நுண்ணிழை வடிகட்டி) மூன்றும் சேர்ந்த, சுவரில் மாட்டும் வகைச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை முதலில் போர் குழாயிலும் பின்னர் மெட்ரோ குழாயிலும் இணைத்துப் பயன்படுத்தியதால், ஒரே இயந்திரம் இரண்டு வகைத் தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. போர் தண்ணீரைக் குடிக்க வேண்டிய கட்டாயம் உள்ள வீட்டுக்கு இது நல்ல கருவி. ஒழுங்காக மெட்ரோ தண்ணீர் வரும் வீட்டுக்கு இது தண்டச் செலவு. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பதினைந்தாயிரம் ரூபாயைச் சுற்றி விற்கும் இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வெளிக்கூடும் விளம்பரத்தில் வரும் நடிகரும்தான் மாறுகிறார்கள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் கருவியின் வேலை எளிதில் புரிந்துவிடும். வெளியே தொங்கும் கிண்ணத்துக்குள் இருக்கும் ஸ்பன் ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடித்துக்கொள்கிறது. போர் குழாயில் இணைத்திருந்தபோது வெள்ளை வெளேரென்று போட்ட ஸ்பன் சில வாரங்களிலேயே செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. அடுத்துள்ள கார்பன் ஃபில்டர் குளோரினையும் வாடையையும் நீக்குகிறது. அடுத்து வரும் மெம்பிரேனை, அதாவது ஆர்.ஓ. சவ்வை, குளோரின் அரித்துவிடும் என்பதால் இந்தக் கட்டம் தவிர்க்க முடியாதது. பிறகு ஒரு சிறிய பம்ப் தண்ணீரை அழுத்தத்துடன் மெம்பிரேனுக்குள் தள்ளுகிறது. கரைந்த உப்புகள், ஃபுளோரைடு, நைட்ரேட், கன உலோகங்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி அங்கே தடுக்கப்பட்டுக் கழிவுக் குழாய் வழியாக வெளியேறிவிடும். கடைசியில் புற ஊதா விளக்கும் யு.எஃப். இழையும் எஞ்சிய கிருமிகளைக் கவனித்துக்கொள்கின்றன. சுருங்கச் சொன்னால், தண்ணீரில் உப்பு இருந்தால் மட்டுமே இதன் விலையுயர்ந்த பாகத்துக்கு வேலை உண்டு.

எங்கள் போர் தண்ணீரில் அந்த வேலை தாராளமாகவே இருந்தது. கையடக்க டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவு) மீட்டரில் அது லிட்டருக்கு 1,150 மில்லிகிராம் என்ற அளவில் காட்டும். கருவியிலிருந்து வரும் தண்ணீர் 90ஐ ஒட்டி நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்களுக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்து, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எனவே 1,150 என்பது விஷமன்று. ஆனால் வாயில் வைத்தவுடன் தெரியும் உவர்ப்பு அது. பருப்பு வேகத் தாமதமாகும், தேநீரின் மேல் ஆடை போன்ற படலம் மிதக்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படிந்து சுரண்டினாலும் போகாது. கருவியை இணைத்த பின் இவை மூன்றும் நின்றன. காப்பி டிகாக்‌ஷனில் தெரிந்த வேறுபாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை.

மெட்ரோ குழாய்க்கு மாற்றியபோது கதை வேறானது. உள்ளே செல்லும் தண்ணீரே 280ஐச் சுற்றி இருந்தது. வெளியே வந்தது 20க்குப் பக்கத்தில். தண்ணீர் பளிச்சென்று இருந்தது, ஆனால் சப்பென்று இருந்தது. கால்சியம், மக்னீசியம் இரண்டையும் ஒட்டுமொத்தமாக வழித்தெடுத்துவிட்டு அந்த நீரையே நாளெல்லாம் குடிப்பது உகந்ததன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகளே எச்சரித்திருக்கின்றன. அதோடு, தென்சென்னையின் பல பகுதிகளுக்கு நெம்மேலி நிலையத்திலிருந்து வருவது கடல்நீரைச் சுத்திகரித்த குடிநீர். அங்கே கடலின் உப்பை நீக்கும் முறையும் இதே ஆர்.ஓ.தான். அரசு பெருஞ்செலவில் ஒருமுறை ஆர்.ஓ. செய்து, குடிப்பதற்கேற்ற தாதுக்களைச் சேர்த்து அனுப்பும் தண்ணீரை, நாம் மின்சாரம் செலவழித்து மறுபடியும் ஆர்.ஓ. செய்து, அந்தத் தாதுக்களையும் சாக்கடையில் விடுகிறோம்.

பின்னே இத்தனை வீடுகளில் இக்கருவி எப்படி நுழைந்தது என்று கேட்டால், விற்பனையாளர் செய்துகாட்டும் வித்தையைச் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககத்துக்கு வந்த ஒருவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் குழாய்த் தண்ணீரையும் மற்றதில் ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு சாதனத்தை இரண்டுக்குள்ளும் இறக்கி, மின்னிணைப்புக் கொடுத்தார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கலங்கி, மேலே நுரை கட்டி, அடியில் பச்சையும் துருவுமாகக் கசடு இறங்கியது, ஆர்.ஓ. தண்ணீர் அசையாமல் தெளிந்து நின்றது. ‘இதைத்தான் சார் குழந்தைங்களுக்குக் கொடுக்கிறீங்க’ என்றார். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். உண்மையில் அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்ததே அன்று. கம்பியிலுள்ள இரும்பு மின்சாரத்தில் கரைந்து உண்டானது. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உப்பில்லாத தண்ணீர் கடத்தாது, அவ்வளவுதான் சங்கதி. அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொன்னேன். அதுவும் அதே பழுப்பாகிக் கலங்கியது. மனிதர் சாதனத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டி.டி.எஸ். மீட்டரையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். அது அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே. அதைக் கொண்டு கரைந்த உப்பின் அளவைக் கணித்துக் காட்டுகிறது. கிருமிகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர் 300 என்று காட்டலாம், மாசற்ற கிணற்று நீர் 700 என்று காட்டலாம்.

அப்படியானால் மெட்ரோ தண்ணீரைக் குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் குடிக்கலாமா என்றால், சென்னையில் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, கெடுவது வழியில். நாள் முழுவதும் அழுத்தத்துடன் ஓடாமல் குறிப்பிட்ட நேரம் மட்டும் திறந்துவிடப்படும் குழாய்களில், நீரோட்டம் நின்றிருக்கும் வேளையில் விரிசல்களின் வழியே வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படக்கூடும். அதனால்தான் எங்கள் தெருவில் பழைய அடிபம்பு வைத்திருப்பவர்கள் முதலில் வரும் சில குடம் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பிறகே பிடிக்கிறார்கள். அது சரியான பழக்கம். அடுக்ககங்களில் இதைவிடப் பெரிய ஓட்டை நம் சம்புதான். மூடி சரியாகப் பொருந்தாத சம்பு, கரப்பான்பூச்சி நடமாடும் மாடித் தொட்டி, ஆண்டுக்கணக்கில் கழுவப்படாத அடிமண்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு வாரியத்தைக் குறைசொல்வதில் நியாயமில்லை. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது தரநிலை. சில சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் காட்டும் எளிய சோதனைப் பெட்டி விலைக்குக் கிடைக்கிறது. எங்கள் சம்புக்குள் வரும் தண்ணீர் நல்ல மஞ்சளாகவும், மாடித் தொட்டியைத் தாண்டிச் சமையலறைக்கு வந்தபின் நிறமே இல்லாமலும் இருந்தது. குளோரின் எங்கே செலவானது என்பதைத் தொட்டியைத் திறந்து பார்த்தபோது கண்டுகொண்டோம்.

இங்கே நமக்கு வேண்டியது கிருமிநீக்கம், உப்புநீக்கம் அன்று. தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் அதற்குப் போதும்; கொதிக்கவைக்க நேரமில்லாதவர்கள் ஆர்.ஓ. இல்லாத யு.வி. கருவியையோ, மின்சாரமே தேவைப்படாத யு.எஃப். வடிகட்டியையோ வாங்கலாம். இரண்டுமே ஆர்.ஓ. கருவியைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன, ஒரு சொட்டுத் தண்ணீரையும் உப்புக் கழிவாக வெளியேற்றுவதில்லை. யு.வி. விளக்குக்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக வந்தால் கிருமிகள் துகள்களின் மறைவில் தப்பித்துக்கொள்ளும். குளோரின் வாடை பிடிக்காதவர்கள் வாய் அகன்ற பாத்திரத்தில் சிறிது நேரம் திறந்துவைத்தால் அது தானாகவே போய்விடும்.

ஆர்.ஓ. கருவியின் மேல் எனக்குள்ள பெரிய குறை கழிவுநீர். வீட்டுக் கருவிகள் பொதுவாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளுகின்றன. நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் எடுத்தால் அறுபது லிட்டர் கழிவு. 2019 கோடையில் செங்குன்றம் ஏரி வறண்டு, லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்ற ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடைசெய்யவும், மற்ற இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மீட்கும் கருவிகளையே அனுமதிக்கவும் விதிகள் கொண்டுவரும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. எங்கள் வீட்டில் கழிவுக் குழாயை ஒரு டிரம்மில் விட்டு, தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தினோம். போர் தண்ணீரின் கழிவில் உப்பு 1,500ஐ நெருங்கும் என்பதால் அதைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றக் கூடாது. கறிவேப்பிலைக் கன்று அதற்குத் தாங்காது.

கருவிக்குள் இருக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்னும் சிறு திருகைப் பற்றி விற்பவர்கள் விரிவாகச் சொல்வதில்லை. ‘தாதுக்களைத் தக்கவைக்கும் தொழில்நுட்பம்’ என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இதுதான்: மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரில் ஒரு பகுதியைச் சுற்றுவழியில் கொண்டுவந்து, சுத்தமான தண்ணீருடன் கலக்கிறது. மெட்ரோ தண்ணீரில் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் ருசி கூடட்டும் என்று பழுதுபார்க்க வந்தவர் திருகைத் தாராளமாகத் திறந்துவிட்டுப் போனபின் கோடையில் அந்தக் குழாயில் லாரித் தண்ணீர் வரத் தொடங்கினால், அதிலுள்ள உப்பும் நைட்ரேட்டும் பாதி வடிகட்டப்படாமலேயே குவளைக்கு வந்துவிடும். எனவே நீராதாரம் மாறும்போதெல்லாம் வெளிவரும் தண்ணீரை அளந்து திருகைச் சரிசெய்வது அவசியம்.

இன்னொரு பலவீனம், கருவிக்குள்ளேயே இருக்கும் சேமிப்புத் தொட்டி. கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுவதால் அந்தத் தண்ணீருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பினால் பழைய தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும்; தொட்டியின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்து வழுவழுப்பாக இருந்தால் உடனே கழுவ வேண்டும்.

இருபது லிட்டர் கேன் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பார்கள். அதுவும் எங்கோ ஒரு போர் தண்ணீரை ஆர்.ஓ. செய்ததுதான், வெயிலில் வண்டியில் நின்று, பல கை மாறி, கீறல் விழுந்த கேனில் வருகிறது. முத்திரையும் தேதியும் இல்லாத கேனைவிட வீட்டில் கொதிக்கவைத்த மெட்ரோ தண்ணீர் எவ்வளவோ மேல்.

ஊருக்கு ஊர் விடை மாறும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் ஆர்.ஓ. மாட்டுவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. மாறாக, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எட்டாமல் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஆர்.ஓ. ஆடம்பரமே அன்று. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்கள் பரிசோதித்துக்கொள்ளலாம். கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி ஆகியவற்றின் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

போர் தண்ணீருக்கு இக்கருவிக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். கழிவுநீருக்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். மெட்ரோ தண்ணீருக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் ஏ.எம்.சி. என்னும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மெம்பிரேனும் பம்பும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஃபில்டர்களை மட்டும் சேர்த்துவிட்டு, விலையுயர்ந்த இந்த இரண்டையும் விட்டுவிடும் ஒப்பந்தங்கள்தாம் கையைக் கடிக்கும். ‘மெம்பிரேன் போயிடுச்சு சார்’ என்று பழுதுபார்ப்பவர் சொன்னால், திருகை முழுவதுமாக மூடச் சொல்லி, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அவர் முன்னிலையிலேயே அளந்து பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு உப்பு குறைந்திருந்தால் மெம்பிரேன் நன்றாகத்தான் இருக்கிறது; ஸ்பன்னை மட்டும் மாற்றச் சொல்லி அனுப்பிவிடலாம்.