அமெரிக்க முன்னாள் படைவீரர் கல்லறைக் கல்: இலவசம்தான், ஆனால் முழுச்செலவும் அல்ல

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை, தகுதியுள்ள வீரரின் கல்லறைக்குக் கல்லை இலவசமாகத் தருகிறது. எழுத்து வெட்டும் கூலியும் இல்லை. தனியார் மயானம் என்றால் நடுகிற செலவு குடும்பத்தின் தலையில்தான்.

முதலில் மயானத்தின் விதியைக் கேளுங்கள். சில இடங்களில் தரையோடு படுக்கும் வெண்கலத் தகடு மட்டுமே அனுமதி. அது 24க்கு 12 அங்குலம், எடை சுமார் 18 பவுண்டு. போல்ட்டும் நட்டும் கூடவே வரும். அடியில் வைக்கும் கருங்கல் வராது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வெண்கலத் தகட்டுக்குப் பதிலாகத் துறையே தரும் கருங்கல் பலகை 4 அங்குலக் கனம், சுமார் 130 பவுண்டு. நிமிர்ந்து நிற்கும் பளிங்குக்கல் 230 பவுண்டு. ஆளும் சாமானும் இல்லாமல் அதில் கைவைக்காதீர்கள்.

கல்லுக்கான விண்ணப்பமான 40-1330 படிவத்தோடு டிடி 214 என்ற படை விடுவிப்புச் சான்றின் நகலை மட்டும் அனுப்புங்கள். அசல் திரும்பி வராது. மயான அலுவலரின் கையெழுத்தும் வேண்டும். கல் பொதுவாக வணிக நிறுவன முகவரிக்கே வரும் என்பதால் பெற்றுக்கொள்ளும் இடத்தை முன்பே பேசி வையுங்கள்.

பெயர், படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு கட்டாயம். இடமிருந்தால் கூடுதல் வரி கேட்கலாம். துறை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சேவையில் மனதுக்கு நெருக்கமானது அதுதான். படையில் சில ஆண்டுகள், தச்சுப்பட்டறையில் ஓர் ஆயுள் என்று வாழ்ந்தவருக்கு "அன்புக் கணவர், தந்தை, தச்சர்" என்ற வரியைக் கேட்கத் தயங்காதீர்கள். எழுத்துக்கூட்டலை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.