பையனின் மேல் அண்ணத்தில் எக்ஸ்பாண்டர்: இரண்டரை வருட அனுபவம்

என் பையனுக்கு இப்போது பத்தரை வயது. எட்டு வயதில் அவனுக்கு மேல் தாடையை அகலப்படுத்தும் எக்ஸ்பாண்டர் மாட்டினோம். மாட்டிய ஒரு மாதத்தில் எழுதியிருந்தால் "பிரமாதம்" என்று மட்டும் எழுதியிருப்பேன். இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

ஆறு வயதிலிருந்தே குறட்டை. சளி பிடித்த நாட்களில் மட்டும் இல்லை, தினமும். வாயைத் திறந்தபடி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து வேர்க்க வேர்க்கத் தூங்குவான். தலையணை உறையில் எச்சில் வட்டம், காலையில் உதடு வெடித்திருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் படுக்கையை நனைப்பான், அதற்கு நான் அவனைத் திட்டியிருக்கிறேன், இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அத்தை "புள்ள அசந்து தூங்குது, அதான் குறட்டை" என்பார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் கவனித்தேன். குறட்டை திடீரென்று நின்றது, நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது, மூச்சுச் சத்தமே இல்லை, சில நொடி கழித்து ஒரு பெரிய விக்கல் போல இழுத்து மறுபடி ஆரம்பித்தான். அதை போனில் வீடியோ எடுத்தேன். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும், நான் வாயால் விளக்கியதைவிட அந்த நாற்பது நொடி வீடியோதான் உதவியது.

முதலில் நாங்கள் போனது ஒரு பல் மருத்துவமனை. "ஆபரேஷனே வேண்டாம், தாடையை விரித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒன்றரை லட்சத்துக்கு ஒரு பேக்கேஜ் எழுதிக் கொடுத்தார்கள். தொண்டையைத் திறந்து பார்க்கவே இல்லை. அது உறுத்தியதால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை முக்கால்வாசி வழியை அடைத்திருந்தது, டான்சிலும் பெரிது. பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபட முக்கியக் காரணமே இந்த இரண்டும்தான். கொஞ்ச நாள் மூக்கு ஸ்பிரே போட்டுப் பார்த்துவிட்டு, ஏழு வயதில் ஆபரேஷன் செய்தோம். 2013-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படித் தூக்கத்தில் மூச்சு அடைபடும், ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள 464 பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கச் சோதனை முடிவு சரியாகிவிட்டது, செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆகவே அவசரப்படவும் வேண்டாம், பயந்து ஓடவும் வேண்டாம் என்று எங்கள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

ஆபரேஷனுக்குப் பிறகு குறட்டை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் வாய் மூடவில்லை. ஸ்லீப் ஸ்டடி, அதாவது ராத்திரி தூக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் சோதனை எடுத்தோம், தலையெல்லாம் ஒயர், மூக்கில் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப், நான் பக்கத்து சோபாவில். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கை 3.8 வந்தது. பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, பிள்ளைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டோடு அதே இஎன்டி டாக்டர்தான் எங்களைப் பல், தாடை வரிசையைச் சீர்செய்யும் ஆர்த்தோடான்டிஸ்ட்டிடம் அனுப்பினார்.

அவர் கண்ணாடியை வைத்து அண்ணத்தைக் காட்டினார். அகலமாக இருக்க வேண்டிய இடம் ஒடுங்கி உயர்ந்து குகை மாதிரி இருந்தது, ஒரு பக்கம் மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழுந்தது. வாயின் கூரைதான் மூக்கின் தரை, கூரையை விரித்தால் மூக்கின் தரையும் விரியும், இதுதான் மொத்த விஷயமும். அண்ணத்தின் நடுவில் உள்ள எலும்பு இணைப்பு சின்ன வயதில் இறுகியிருக்காது, பதின்வயதின் பின்பகுதிக்குள் பெரும்பாலும் இறுகிவிடும், அதனால்தான் வயது முக்கியம். 1860-லேயே ஏஞ்செல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இப்படித் திருகு வைத்து அண்ணத்தை விரித்துக் காட்டியிருக்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தி.

சாதனம் என்பது கடைவாய்ப் பற்களில் வளையம், நடுவில் ஒரு திருகு, அவ்வளவுதான். வீட்டில் நாங்கள்தான் திருக வேண்டும். ராத்திரி பல் விளக்கியதும் என் மடியில் தலை வைத்துப் படுப்பான், என் கணவர் போன் டார்ச்சைப் பிடிப்பார், நான் சின்னச் சாவியைத் துளையில் நுழைத்து முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ளுவேன். அடுத்த துளை முழுசாகத் தெரியும் வரை தள்ள வேண்டும், பாதியில் விட்டால் மறுநாள் சாவி நுழையாது. ஒரு திருகு கால் மில்லிமீட்டர். 26 நாள், 26 திருகு. விழுங்கிவிடாமல் இருக்கச் சாவியில் நூல் கட்டி என் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். திருகியதும் மூக்கின் மேல் பாகத்தில் இறுக்கம் என்பான், ஐந்து நிமிடத்தில் போய்விடும். முதல் மூன்று நாள் மட்டும் பாராசிட்டமால் தேவைப்பட்டது.

ஆறாவது நாள் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது, கடைசியில் ஒரு பென்சில் முனை போகும் அளவுக்கு வந்தது. எலும்பு விரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், பயப்பட வேண்டாம், தானாக மூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாலு மாதத்தில் மூடிவிட்டது.

பேச்சுதான் எதிர்பார்க்காத கஷ்டம். தமிழில் ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு மேலே வளைந்து போக வேண்டிய எழுத்துக்கள், அங்கே இரும்பு உட்கார்ந்திருக்கிறது. வாழைப்பழம் மூன்று வாரத்துக்கு வாயைப்பயமாகத்தான் வந்தது, தமிழ் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் அழுதுகொண்டு வருவான். டீச்சரிடம் போய் சாதனத்தின் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தேன், அப்புறம் வாசிக்கச் சொல்லவில்லை. மாட்டும் முன்பே பள்ளியில் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் பிரச்சினை இல்லை. கீரையும் தேங்காய்த் துருவலும் திருகுக்கு மேலே போய் ஒளிந்துகொள்ளும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சினால் வந்துவிடும். முறுக்கு, கமர்கட்டு, கரும்பு கூடாது. தீபாவளி சமயம் ஒரு துண்டு முறுக்கில் வளையம் ஒன்று கழன்று, மறுபடி ஒட்ட ஓட வேண்டியதாயிற்று. விரித்து முடித்த பிறகும் எலும்பு நிரம்ப ஆறு மாதம் வாயிலேயே இருந்தது. மொத்தச் செலவு 22,000 ரூபாய்.

சரி, பலன்? இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு காலையில் "அம்மா, மூக்குக்குள்ள சில்லுன்னு காத்து போகுது" என்றான். அவனாகச் சொன்னது. கழற்றிய பின் எடுத்த ஸ்லீப் ஸ்டடியில் 1.1. படுக்கை நனைவது நின்றது, ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகே அது குறைய ஆரம்பித்திருந்தது, முழுப் பெருமையையும் எக்ஸ்பாண்டருக்குக் கொடுக்க மாட்டேன். காலையில் எழுப்பப் போராட வேண்டியதில்லை. படிப்பில் பெரிய மாற்றம் இல்லை, எரிச்சல்தான் நன்றாகக் குறைந்தது.

எக்ஸ்பாண்டருக்கு ஆதாரமாக, இத்தாலியில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வைப் பலரும் காட்டுவார்கள். 31 பிள்ளைகள், மணிக்குச் சராசரி 12 இருந்த அந்த மூச்சு எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இறங்கியது. ஆனால் அவர்கள் டான்சில், அடினாய்டு பெருக்கமே இல்லாத, தாடை குறுகிய பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அதில் இல்லை. அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையும், பல் மருத்துவர் சந்தேகத்தைக் கண்டு சொல்லலாம், நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை என்றுதான் சொல்கிறது. அகலமான அண்ணம் உள்ள பிள்ளைக்குக் குறட்டை என்பதற்காக மட்டும் இதை மாட்டாதீர்கள். தூங்கும்போது வாயில் டேப் ஒட்டும் பழக்கம் பரவுகிறது, மூக்கு அடைத்த பிள்ளைக்கு தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போதும் மார்கழியில் தூசி அலர்ஜி வந்தால் வாய் திறந்துகொள்கிறது, இரண்டு வாரம் மூக்கு ஸ்பிரே ஓடும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்கும் பயிற்சியை ஆரம்பத்தில் தினமும் செய்தான், இப்போது நான் ஞாபகப்படுத்தினால்தான். கோரைப்பல் முளைக்க இடம் கிடைத்திருக்கிறது, ஆனாலும் பன்னிரண்டு வயதில் கிளிப் போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். அடுத்த செக்கப் ஜூனில், குறட்டை திரும்பினால் அதற்கு முன்பே.