வெயிட் கட்டுக்கு வாங்கிய கீ, எடை மெஷின், சானா சூட்: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது

போன மாதம் பெங்களூரில் நடந்த ஒரு ஜியு ஜிட்சு போட்டியில் 70 கிலோ பிரிவில் ஆடினேன். அதற்காக ஆறு வாரம் எடை குறைத்தேன், இதைத்தான் வெயிட் கட் என்பார்கள். அந்த ஆறு வாரத்தில் வாங்கிய சாமான்களைப் பற்றித்தான் இது. எடை குறைந்த கீ (ஜியு ஜிட்சு ஆடும்போது போடும் பருத்திச் சட்டையும் கால்சட்டையும்) ஒன்று 7,200 ரூபாய், வீட்டில் ஏறி நிற்கும் எடை மெஷின் 900, ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்ப்போமே அந்தக் கொக்கித் தராசு 350, வியர்க்க வைத்து எடை இறக்கும் பிளாஸ்டிக் உடுப்பான சானா சூட் 650, அப்புறம் மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பாக்கெட்டுகள். கம்பெனிப் பெயர் எதுவும் எழுதவில்லை, நான் சொல்வது அந்த வகைச் சாமான் எல்லாவற்றுக்குமே பொருந்தும் என்பதால். கீயையும் கொக்கித் தராசையும் தைரியமாக வாங்குங்கள். சானா சூட்டை வாங்காதீர்கள், யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

புதிதாக ஆட வருகிறவர்களுக்காக ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. சர்வதேச ஜியு ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி நடக்கும் போட்டியில் கீயையும் பெல்ட்டையும் சேர்த்துத்தான் எடை பார்ப்பார்கள். 70 கிலோ என்றால் உடம்பும் உடுப்பும் சேர்ந்து 70. அதுவும் முதல் மேட்சுக்குக் கூப்பிடும்போதுதான் பார்ப்பார்கள், ஒரே ஒரு தடவை, பத்து கிராம் கூடினாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை. எம்எம்ஏ என்கிற கலப்புச் சண்டையிலும் தொழில்முறை குத்துச்சண்டையிலும் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவதால் தண்ணீரும் சோறும் உள்ளே போய்ச் சேர ஒரு நாள் கிடைக்கிறது. நமக்குக் கிடைப்பது சில நிமிடம். டிவியில் எம்எம்ஏ வீரர்கள் ஒரே வாரத்தில் எட்டு கிலோ இறக்குவதைப் பார்த்துவிட்டு அதே வழியில் போகிறவர்கள் நம் ஜிம்மிலேயே இருக்கிறார்கள், நானும் போனேன்.

சரி, கீக்கு வருகிறேன். என்னுடைய பழைய கீ கோல்ட் வீவ் என்ற தடித்த நெசவு, மூன்று வருடமாகப் போடுகிறேன், இன்னும் கிழியவில்லை. கொக்கித் தராசில் ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கினால் பெல்ட்டோடு 1.9 கிலோ. புதியது பேர்ல் வீவ் என்ற மெல்லிய நெசவு, சதுர மீட்டருக்கு 350 கிராம் துணி, கால்சட்டை கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் துணி. அதே பெல்ட்டோடு 1.3 கிலோ. 600 கிராம் வித்தியாசம். பட்டினி கிடந்து அந்த 600 கிராமைக் குறைக்க எனக்கு நாலைந்து நாள் ஆகிறது, இங்கே உடுப்பை மாற்றியதும் குறைந்துவிட்டது.

துணி மெல்லியது என்றால் சீக்கிரம் கிழியுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போட்டு ஆடியாகிவிட்டது, அக்குளிலும் கால்சட்டைக் கவட்டிலும் ஒரு தையல்கூட விடவில்லை. காலருக்குள்ளே துணிக்குப் பதில் ரப்பர் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதனால் தண்ணீரைக் குடிப்பதில்லை. சென்னையில் சாயங்காலம் துவைத்துக் காற்றாடி அடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கிறது, பழையது அடைமழை நாளில் இரண்டு நாள் ஆனாலும் காலர் ஈரமாகவே இருக்கும். குறை என்றால், எதிராளிக்கு இந்தத் துணி சுலபமாகப் பிடிபடுகிறது. தடித்த சட்டையில் கை முழுவதும் நிறைந்து விரல் வலிக்கும், இதில் ஒரே கொத்தாக அள்ளிவிடலாம். கையில் வாங்கியதும் முதலில் கவனித்தது அதைத்தான்.

வாங்குகிறவர்கள் அளவில் கவனமாக இருங்கள். விதிப்படி கையை நேராக நீட்டினால் சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறியிருக்கக் கூடாது, கைக்கும் துணிக்கும் நடுவில் 7 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும், கால்சட்டைக்கும் கணுக்காலிலிருந்து அதே 5 செ.மீ. கணக்கு. பருத்தி சுருங்கும். எடை குறையட்டும் என்று ஒரு சைஸ் சின்னதாக வாங்கி, இரண்டு தடவை துவைத்ததும் கை ஏறிப்போய், போட்டி நாளில் கீ சோதனையில் நின்று விழித்தவரை என் கண்ணால் பார்த்தேன். அவர் நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டார், அது கனமான கீ, எடை தாண்டிவிட்டது. அவ்வளவு தூரம் ரயிலேறி வந்தவர். சரியான சைஸே வாங்குங்கள், பச்சைத் தண்ணீரில் மட்டும் துவையுங்கள்.

கொக்கித் தராசால் தெரிந்துகொண்ட இன்னொன்று. மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்த கீயை அப்படியே தூக்கினால் பெல்ட்டோடு 1.28 காட்டியது. அதையே மழை நாளில் ராத்திரி முழுக்க உள்ளே கொடியில் போட்டுக் காலையில் தூக்கினால் 1.36. தொட்டுப் பார்த்தால் ஈரமே தெரியாது, ஆனால் பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. 80 கிராம்! அதற்குப் பிறகு போட்டிக்குக் கீயை எடுத்துப் போகும்போது நன்றாகக் காயவைத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டித்தான் எடுத்துப் போனேன்.

எடை மெஷின் விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆரம்பத்தில் என் உடம்பு 74.5 கிலோ. 1.3 கிலோ கீயோடு 70 வர வேண்டுமென்றால் உடம்பு 68.7க்கு இறங்க வேண்டும். முதல் நாலரை வாரம் ஒழுங்காகப் போனது. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன், டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், வாரத்துக்கு அரை கிலோ முக்கால் கிலோ என்று இறங்கியது, உடம்பும் நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்து நாளில் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். நாம் சாப்பிடும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகத் தசையில் சேரும்போது கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, அதனால் சோற்றை நிறுத்தினால் எடை மளமளவென்று இறங்கும். இறங்குவது கொழுப்பு இல்லை, தசையிலிருக்கும் தண்ணீர். அது அப்போதே எனக்குத் தெரியும், ஆனாலும் மெஷினில் எண் இறங்குவதைப் பார்த்தால் வருகிற சந்தோஷத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு மெஷின் 69.2 காட்டியது. இன்னும் அரை கிலோதான் என்று கோச்சிடம் சொன்னேன். அவர் உடனே, "அந்த மெஷின் சரியா இருக்கான்னு பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை. எங்கள் தெரு முனையில் அரிசி மண்டி இருக்கிறது, மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

"என்ன தம்பி, நம்ம கடையிலயே நமக்குப் போட்டியா?" என்று சிரித்துக்கொண்டே அண்ணாச்சி 20 கிலோ படிக்கல்லை எடுத்துக் கொடுத்தார். எடையளவுத் துறை முத்திரை குத்திய இரும்புக் கல். தரை சமமாக இருந்த இடத்தில் மெஷினை வைத்து, கல்லை நடுவில் இறக்கினேன். 19.8. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், 19.8. இரண்டு கல்லை ஒன்றாக வைத்தால் 39.6.

"நூத்துக்கு ஒண்ணு குறையுது தம்பி" என்றார் அண்ணாச்சி.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெஷின் 69.2 காட்டினால் உண்மையில் 69.9. குறைக்க வேண்டியது அரை கிலோ இல்லை, 1.2 கிலோ. 900 ரூபாய் மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன், எப்போது ஏறினாலும் ஒரே மாதிரிதான் காட்டுகிறது, அந்த ஒரு சதவீதத்தைச் சேர்த்துக்கொண்டால் அருமையான மெஷின். வாங்கிய அன்றே படிக்கல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டைல்ஸ் தரையில் வைத்துப் பாருங்கள், பாய் மேலோ கம்பளத்தின் மேலோ வைத்தால் என்னவோ ஒரு எண் வரும்.

அந்தப் பதற்றத்தில்தான் சானா சூட் வாங்கினேன். மழைக்கோட்டு மாதிரி வழவழப்பான பிளாஸ்டிக் சட்டையும் கால்சட்டையும், கையிலும் கழுத்திலும் எலாஸ்டிக். பிரித்ததும் புது ரெக்சின் நாற்றம். அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டினேன், சாயங்காலம் ஆறு மணி, சென்னைப் புழுக்கம். 25 நிமிடத்தில் 900 கிராம் இறங்கியது. கையைக் கீழே தொங்கவிட்டால் எலாஸ்டிக் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இல்லாமல் கோடாகவே வழிந்தது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும், இது ஆவியாகவே விடாது. கயிற்றைக் கீழே போட்ட பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, மாடிப்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆனது. அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, ஈரத்துண்டை எடுத்து வந்து கழுத்தில் போட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது ஆளைக் கொல்லும். அமெரிக்காவில் 1997இல் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். வெப்பத்தில் ரப்பர் சூட் போட்டுப் பயிற்சி செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் சூட்டையும் சானா என்னும் வெப்ப அறையையும் தடை செய்தார்கள், எடை பார்க்கும் நேரத்தையும் மேட்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ அமைப்பின் போட்டிக்கு எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தார், 21 வயது. அந்த அமைப்பு அதன் பிறகு உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சோதனை செய்தே எடை பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அவர்கள் எல்லாம் பக்கத்தில் கோச்சும் டாக்டரும் இருக்கிற தொழில்முறை, கல்லூரி வீரர்கள். நாம் வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் தனியாகக் கயிறு தாண்டுகிறவர்கள்.

போட்டி அன்று காலை. முந்தைய நாள் மதியத்திலிருந்து தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, ரயிலில் வரும்போது வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டே வந்தேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பெயரைக் கூப்பிட்டார்கள், கீ சோதனை, அப்புறம் மெஷின். 69.9. அங்கிருந்த பையன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

பையில் ஓஆர்எஸ் கரைத்து வைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அத்தோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். வாங்கும்போது பாக்கெட்டில் இந்தச் சூத்திரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானங்கள் வேறு சமாச்சாரம், அவற்றில் ஓஆர்எஸ் என்று பெயர் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. பாக்கெட் ஓஆர்எஸ் அருமையான சாமான், பயிற்சி முடிந்து குடித்தால் மறுநாள் வித்தியாசம் தெரியும். ஆனால் எடை பார்த்துவிட்டு ஆட்டம் நடக்கும் விரிப்புக்குப் போவதற்குள் நான் குடிக்க முடிந்தது அரை டம்ளர், கூடக் குடித்திருந்தால் வாந்திதான் வந்திருக்கும். அது வயிற்றில் இருக்கும்போதே மேட்ச் ஆரம்பித்துவிட்டது.

மாஸ்டர் 1 என்ற முப்பது வயதுக்காரர்கள் பிரிவு, நீல பெல்ட், ஐந்து நிமிடம். முதல் நிமிடத்தில் எதிராளியைக் கீழே வீழ்த்தி டேக் டவுன் போட்டேன், இரண்டு பாயிண்ட். அதுவரை எல்லாம் ஆறு வாரம் நினைத்தபடியே நடந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருந்த என் வலது முன்கை இறுகிப்போனது. விரலை விடுவித்தால் திரும்ப மூட முடியவில்லை, மூடினால் திறக்க முடியவில்லை. அவருக்கும் அது தெரிந்துவிட்டது, பொறுமையாக என் இடது காலைத் தள்ளி, முழங்காலை உள்ளே விட்டு, கார்டை, அதாவது என் கால்களின் தடுப்பை, தாண்டிப் பக்கவாட்டுக்கு வந்தார். மூன்று பாயிண்ட். கடைசி ஒன்றரை நிமிடம் கீழே படுத்தபடி மேலே கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழும்பச் சொல்கிற கோச்சின் குரல் தெளிவாகக் கேட்டது, இடுப்பு நகரவில்லை. 3-2. நன்றாக ஆடினார், என்னைவிட உயரம் குறைவு, எடை குறைக்காமலே அந்தப் பிரிவில் ஆடுகிறவர் என்று பிறகு பேசும்போது சொன்னார். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

திரும்பி வரும்போது ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70க்கு மேலே அடுத்த பிரிவு 76. எடை குறைக்கும் முன் இருந்த 74.5 கிலோ உடம்பு பழைய கீயோடு 76.4, அதனால்தான் 76 நமக்கு ஒத்துவராது, கீழே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தேன். புதுக் கீயோடு 75.8. ஒரு வேளைச் சோற்றைக்கூட விடாமல் அந்தப் பிரிவில் ஆடியிருக்கலாம். கீ ஜூன் மாதமே வீட்டுக்கு வந்துவிட்டது, வந்த அன்றே கொக்கித் தராசில் தூக்கி 1.3 என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன், 70 என்ற எண் மனதில் உட்கார்ந்துவிட்டதால் 76க்குக் கூட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.

சானா சூட்டைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன், வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த போட்டிக்கு 76 கிலோவில் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்று காலை இட்லியும் டீயும் முடித்து, கீயைப் போட்டு, பெல்ட்டைக் கட்டி ஏறினேன். 75.0 காட்டியது, அண்ணாச்சியின் நூற்றுக்கு ஒன்றைச் சேர்த்தால் 75.8.